உபதேசியார் ஆக எவ்வளவு படிக்க வேண்டும்?

என் இறையியல் பி.டி. பட்டச் சான்றிதழ் தபாலில் வந்த அன்று நான் வீட்டில் இல்லை. அப்பாதான் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்திருந்தார். சாயங்காலம் நான் வந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உறையைப் பிரித்து, எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"செராம்பூர்னா எங்கடா இருக்கு?"

"கல்கத்தா பக்கம்ப்பா."

"மதுரையில உக்காந்து படிச்சதுக்குக் கல்கத்தாவுலேருந்தா பட்டம்?"

அப்பா பசுமலையில் ஆசிரியர் பயிற்சி முடித்தவர். திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றியிருந்த ஐந்து ஊர்களுக்கு உபதேசியார். அடுத்து அவர் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது: "என்னென்ன படிச்ச?" பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, கிரேக்கம், திருச்சபை வரலாறு, இறையியல், பிற சமயங்கள், பிரசங்கக்கலை, அருட்பணி என்று சொல்லிக்கொண்டே போனேன். விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்தவர், கடைசியில் நிமிர்ந்து பார்த்து, "தமிழ்?" என்றார்.

தேர்வெல்லாம் தமிழில்தான் எழுதினேன். ஆனால் தமிழை ஒரு தாளாகப் படித்தேனா என்றால் இல்லை. அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஊழியத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அந்தக் கேள்விக்காகவே பழைய மிஷன் வரலாறுகளைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அருட்பணிக்குப் போகிறவன் எதையெல்லாம் படித்து முடித்திருக்க வேண்டும் என்பதை இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் இரண்டு ஊர்களில் மிகத் தீவிரமாக யோசித்திருக்கிறார்கள். ஒன்று செராம்பூர். இன்னொன்று யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை.

செராம்பூரைப் பற்றி அப்பாவுக்குச் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கும் அந்த ஊர் அப்போது நம் தரங்கம்பாடியைப் போலவே டென்மார்க் மன்னருக்குச் சொந்தம். கிழக்கிந்தியக் கம்பெனி தன் எல்லைக்குள் மிஷனரிகளை விரும்பவில்லை. அதனால் வில்லியம் கேரி, ஜோஷுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு மூவரும் 1800-ல் டென்மார்க் கொடியின் கீழ் போய்த் தங்கினார்கள். 1818-ல் கல்லூரி தொடங்கினார்கள். முதலில் சேர்ந்த 37 பேரில் ஏறக்குறையப் பாதிப்பேர் கிறிஸ்தவர்கள் அல்லாதவர்கள். சமஸ்கிருதம் படிப்பின் நடுநாயகமாக இருந்தது. தாய்மொழி வழியாகவே பாடம். கேரி தாவரவியல் சொல்லிக்கொடுத்தார், ஜான் மேக் வேதியியல் நடத்தினார். வேதாகமம் போதிக்கப் போகிற பையன் செடிகொடிகளையும் அறிய வேண்டும் என்று கேரி நினைத்ததை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

1827 பிப்ரவரி 23-ஆம் தேதி டென்மார்க் மன்னர் ஆறாம் ஃபிரெடெரிக் அந்தக் கல்லூரிக்கு அரச சாசனம் கொடுத்தார். கோபன்ஹேகன், கீல் பல்கலைக்கழகங்களைப் போலவே பட்டம் வழங்கும் உரிமை அதில் இருந்தது. 1833-ல் எழுதப்பட்ட விதிகளில் சாதி, நிறம், நாடு எதுவும் ஒருவர் சேர்வதற்குத் தடையாக இருக்கக் கூடாது என்று சேர்த்தார்கள். 1845-ல் தரங்கம்பாடியும் செராம்பூரும் சேர்ந்தே ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டன. அந்த உடன்படிக்கையிலும் கல்லூரியின் உரிமைகளைக் காப்பாற்றி எழுதினார்கள்.

ஆனால் கையில் சாசனம் இருந்தும் இறையியலில் முதல் பட்டம் வழங்கியது 1915-ல்தான். எண்பத்தெட்டு ஆண்டுகள்! நிறுவியவர்கள் மூவரும் 1837-க்குள் மறைந்துவிட்டார்கள். பணமுடை தொடர்ந்தது. 1857-ல் கல்லூரி கல்கத்தா பல்கலைக்கழகத்தோடு இணைந்து வேறு வழியில் போனது. ஜார்ஜ் ஹவல்ஸ் கல்லூரி முதல்வராக வந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழைய சாசனத்தை எடுத்துத் தூசி தட்டினார். 1918-ல் வங்காளச் சட்டமன்றம் அதற்கென ஒரு சட்டம் இயற்றியது. அதன்பிறகுதான் மதுரையில் படிக்கிறவனுக்கும் அங்கிருந்து பட்டம் வர வழி பிறந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் அங்கே போயிருந்தேன். பெரிய தூண்கள் வைத்த அந்தக் கட்டடத்தில் வார்ப்பிரும்புப் படிக்கட்டு இருக்கிறது. டென்மார்க் மன்னர் கொடுத்த அன்பளிப்பு என்று சொன்னார்கள். கைப்பிடியைப் பிடித்தபடி மெதுவாக ஏறினேன். இரும்பு சில்லென்றிருந்தது. அப்பாவைக் கூட்டி வந்திருக்கலாமே என்று அங்கேதான் தோன்றியது. அவர் போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகிவிட்டது.

வட்டுக்கோட்டையின் கதை வேறு. அங்கே படிப்பு இருந்தது, பட்டம் இல்லை.

அமெரிக்க மிஷனரிகள் 1816-ல் யாழ்ப்பாணம் வந்தார்கள். அவர்களில் ஒருவரான டேனியல் பூர் 1823-ல் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கினார். பழைய தேவாலயம் ஒன்றும் அதைச் சேர்ந்த வீடுகளும்தான் ஆரம்பத்தில் இடம். ஆங்கில அரசுக்கு அமெரிக்கர்கள் மேல் நம்பிக்கை இல்லை. அவர்களுக்காக வந்த அச்சுத் தொழிலாளி ஜேம்ஸ் காரெட்டை 1820-ல் தீவைவிட்டே அனுப்பிவிட்டார்கள். பட்டம் வழங்கும் உரிமை செமினரிக்குக் கடைசிவரை வரவில்லை.

ஆனால் அந்த 1823-ஆம் ஆண்டுத் திட்டத்தைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆங்கிலம் முறையாகக் கற்க வேண்டும். தமிழ் இலக்கியத்தை ஆழமாகப் பயில வேண்டும். தேர்ந்தெடுத்த சிலருக்குச் சமஸ்கிருதம். இறையியல் படிக்கிறவர்களுக்கு எபிரேயம், சிலருக்கு லத்தீனும் கிரேக்கமும். இவற்றோடு கணிதம், வானியல், இயற்கை அறிவியல். அப்பா கேட்ட "தமிழ்?" அங்கே திட்டத்தின் தலைப்பகுதியிலேயே இருக்கிறது. மக்கள் மதிக்கிற நூல்களைப் படிக்காதவன் மக்களிடம் போய் என்ன பேசுவான் என்பது அந்த மிஷனரிகளின் எண்ணம்.

வானியல் பாடம் சும்மா ஏட்டில் இருந்ததில்லை. 1829 மார்ச்சில் ஒரு சந்திர கிரகணம். வட்டுக்கோட்டை விசுவநாத சாஸ்திரியார் பேர்பெற்ற பஞ்சாங்கக் கணிதர். அவர் கணித்த நேரத்துக்கும் பூர் கணித்த நேரத்துக்கும் வித்தியாசம் இருந்தது. எப்போது தொடங்கும், நிலவில் எவ்வளவு மறையும், எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று மூன்றிலும் கருத்து வேறுபாடு. பூர் முன்கூட்டியே ஊரறியச் சொல்லிவிட்டார். கிரகணத்தன்று நிலவு பூரின் கணக்கை ஒட்டி மறைந்தது. பூர் இதைச் சமயத்தின் வெற்றியாகவே எடுத்துக்கொண்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. கருவிகள் எதுவும் இல்லாமல், பரம்பரையாக வந்த வாய்பாடுகளை வைத்து, கிரகணம் வரும் நாளைத் தப்பாமல் சொன்ன சாஸ்திரியாரும் கும்பிடத்தக்க கணிதர்தான். செமினரியே பிறகு அதை உணர்ந்துகொண்டதாக எனக்குப் படுகிறது. பூருக்குப் பின் தலைமையேற்ற ஹொய்சிங்டன் நம்மவர் சோதிடக் கணித நூலை மொழிபெயர்த்து, விளக்கவுரையும் எழுதி 1848-ல் யாழ்ப்பாணத்தில் அச்சிட்டார். ஒரு கிறிஸ்தவச் செமினரி பஞ்சாங்கக் கணிதத்தைப் பாடநூலாக்கிப் படிக்கும் அளவுக்குப் போனது.

மாணவர்களுக்கு அமெரிக்காவிலிருந்து உதவி செய்தவர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. அதனால்தான் கரோல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்று இரட்டைப் பெயர்கள். ஆர்னல்ட் பின்னாளில் 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதினார். 1845-ல் இலங்கைக்கு வந்த அரசுச் செயலர் எமர்சன் டெனன்ட், ஐரோப்பாவின் பல பல்கலைக்கழகங்களுக்கு நிகரானது இந்தச் செமினரி என்று தன் நூலில் பாராட்டினார். சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் பி.ஏ. தேர்வை 1857-ல் நடத்தியபோது தேறிய இருவருமே வட்டுக்கோட்டையில் படித்தவர்கள்: கரோல் விசுவநாதபிள்ளை, சி.வை. தாமோதரம்பிள்ளை. தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர் அதே தாமோதரம்பிள்ளைதான். சைவராக வாழ்ந்தார். அவர் உபதேசியார் ஆகவில்லையே என்று நான் ஒருநாளும் வருந்தியதில்லை. ஓர் ஆயராக இதைச் சொல்லத் தயக்கமும் இல்லை.

ஆனால் இந்த மிஷனரிகளை அனுப்பிய, பாஸ்டனில் இருந்த மிஷன் சங்கத்தார் வருந்தினார்கள். படித்தவர்களில் பலர் அரசாங்க எழுத்தர் வேலைக்கும் சென்னைக்கும் போகிறார்கள், ஊழியத்துக்கு வருகிறவர்கள் சிலரே என்பது அவர்கள் குறை. அந்தச் சங்கத்தின் செயலர் ரூஃபஸ் ஆண்டர்சன் 1855-ல் நேரில் வந்தார். ஊழியனுக்கு ஆங்கிலம் தேவையில்லை, தாய்மொழியில் வேதாகமம் படித்தால் போதும் என்பது அவர் முடிவு. செமினரி அந்த ஆண்டே மூடப்பட்டது. பூர் அதே 1855-ல் காலராவில் இறந்தார். பதினேழு ஆண்டுகள் கழித்து, 1872-ல், அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி பிறந்தது.

இந்தக் காற்று நம் ஊருக்கும் அடித்தது. மதுரை மிஷனைத் தொடங்கியவர்களே 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள்தாம். பூரும் சில ஆண்டுகள் மதுரையில் இருந்தார். திருமங்கலத்தில் 1842-ல் வில்லியம் டிரேசி தொடங்கிய செமினரி, மூன்று ஆண்டுகளில் பசுமலைக்கு மாறியது. ஆண்டர்சனின் வருகைக்குப் பிறகு அங்கும் ஆங்கிலம் நின்றது. பிறகு திரும்பி வந்தது.

ஆண்டர்சன் பாதி சரி, பாதி தவறு என்பது என் தீர்ப்பு. ஊழியன் தன் மக்களின் மொழியில் வேரூன்ற வேண்டும் என்றது சரி. அதற்காக மற்ற கதவுகளை அடைத்தது தவறு. அதைவிட முக்கியம், தாய்மொழி என்று அவர் சொன்னதற்குப் பொருள் வேதாகமத்தைத் தமிழில் வாசிப்பது மட்டும். குறளும் நன்னூலும் கற்பது அவர் கணக்கில் வரவில்லை. அந்தக் குறைதான் தலைமுறை தலைமுறையாக இறங்கி என் மதிப்பெண் பட்டியல் வரைக்கும் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

அப்பா சபையில் பிரசங்கம் பண்ணும்போது ஒரு வேத வசனத்துக்குப் பக்கத்தில் ஒரு குறளை வைப்பார். எதிரே தரையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் அந்த இடத்தில் தலையசைப்பார்கள். எந்தக் கல்லூரியும் அவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. பசுமலையில் தமிழ் வாத்தியார் பயிற்சிக்காகப் படித்தது, அவ்வளவுதான். நான் நான்கு ஆண்டுகள் கிரேக்க வினைச்சொற்களை மனப்பாடம் செய்தேன். அதற்காக வருத்தமில்லை, மூல நூலைத் தொட்டுப் படிக்கிற இன்பம் பெரியது. ஆனால் ஊழியத்தின் முதல் பத்து ஆண்டுகளில் கிராமத்துத் திண்ணைகளில் எனக்கு வேண்டியிருந்தது அப்பாவிடம் இருந்தது, என்னிடம் இல்லை. ராத்திரி உட்கார்ந்து தனியாகப் படித்துத்தான் தேற்றிக்கொண்டேன்.

இறையியல் கல்லூரிகளில் பாடத்திட்டம் வகுக்கும் இளைய ஆயர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 1823-ஆம் ஆண்டு வட்டுக்கோட்டைத் திட்டத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். கிரேக்கத்துக்குப் பக்கத்திலேயே தமிழ் இலக்கியத்தையும் கட்டாயத் தாளாக வையுங்கள். விருப்பத் தாளாக வேண்டாம்.