அரிக்கன் லாம்பும் அதன் கறளும்

2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனது ஞாபகமிருக்கா? அப்ப வத்தளை வீட்டு ஸ்டோர் அறையில் தேடியெடுத்த அரிக்கன் லாம்பு இன்னும் கிடந்தால், எறிஞ்சுபோடாதேங்கோ.

1860களின் கடைசியில் அமெரிக்காவில் ஜோன் இர்வின் கண்டுபிடித்த அமைப்பு அது. பக்கத்தில் இருக்கிற இரண்டு குழாய்களும்தான் சுடருக்குக் காற்றைக் கொண்டுபோகின்றன. அதனாலதான் காத்தடிச்சாலும் லேசில அணையாது. 'ஹரிக்கேன்' எங்கட வாயில் 'அரிக்கன்' ஆனது.

1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிதானது. பட்டைத் திரி போட்ட அரிக்கன் எண்ணெய் குடிக்கும். அதனால் சனம் ஜாம் போத்தல் விளக்குக்கு மாறியது. அடியில் பஞ்சு, அதில் கொஞ்ச எண்ணெய், மெல்லிய திரி, போத்தலே சிமிலி. அந்த வெளிச்சத்தில்தான் ஒரு தலைமுறை சோதனைக்குப் படித்தது. எண்ணெய் இல்லாமல் மூலையில் கிடந்தே பல அரிக்கன்கள் கறள் பிடித்தன.

திருத்தேக்க இதை மறக்கக்கூடாது. சவர்க்காரத் தண்ணியில் கழுவி, கறளை மெல்லிய கம்பி நாரால் தேய்ச்செடுங்கோ. வினாகிரியில் கனநேரம் ஊறவிட்டால் நாகப்பூச்சும் போயிடும். தாங்கியில் தண்ணி விட்டு ஒழுகுதா பாருங்கோ. நல்லாக் காய்ஞ்ச பிறகுதான் எண்ணெய்.

பெயின்ட் மட்டும் வேண்டாம். பொறித்த கம்பனிப் பெயரும், ஆரோ ஈயம் வைச்சு ஒட்டின இடமும் அதில மறைஞ்சுபோகும். 1981இல் நூலகத்தையே நெருப்புக்குக் குடுத்த எங்களுக்கு வீட்டுச் சாமானும் ஆவணம்தான். லாம்பு எந்த ஊரிலிருந்து, ஆர் கையில வந்தது எண்டு அம்மம்மாவிட்டக் கேட்டு, ஒரு துண்டில எழுதிக் கூடவே வையுங்கோ.