பெண்ணாக ஓடுவதற்கு என்ன விலை?

சென்ற கோடை விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த பெயர்த்தி, என் கைப்பேசியில் ஓர் ஓட்ட விளையாட்டை விளையாடிக் கொண்டிருந்தாள். சற்று நேரத்தில் என்னிடம் வந்து, ''தாத்தா, பையனா ஓடினா சும்மா; பொண்ணா ஓடணும்னா காசு கேக்குது. ஏன்?'' என்றாள். கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் விலைக் கோட்பாட்டைக் கற்பித்த எனக்கு, உடனே விடை சொல்லத் தெரியவில்லை. அதன் பிறகுதான் காணொலி விளையாட்டுகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

இதே கேள்வியை 2015-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி எழுப்பியிருக்கிறாள். கைப்பேசியில் அதிகம் விளையாடப்பட்ட 50 ஓட்ட விளையாட்டுகளை ஆராய்ந்து, தன் முடிவுகளை 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழில் அவள் எழுதினாள். ஆண், பெண் என்று அடையாளம் காணக்கூடிய பாத்திரங்களைக் கொண்ட விளையாட்டுகளில் 98% ஆண் பாத்திரத்தை அளித்தன. பெண் பாத்திரத்தை அளித்தவை 46%. ஆண் பாத்திரத்தை இலவசமாகத் தந்தவை 90%. பெண் பாத்திரத்தை இலவசமாகத் தந்தவை வெறும் 15%. பெண் பாத்திரத்தின் சராசரி விலை 7.53 டாலர் என்றும் அவள் கணக்கிட்டிருந்தாள்.

எதையும் தேர்வு செய்யாவிட்டால் தானாகக் கிடைப்பது எதுவோ, அதிலேயே பெரும்பாலோர் தங்கிவிடுவர் என்பது நடத்தைப் பொருளாதாரத்தின் அடிப்படைப் பாடம். அத்துறைக்கான பங்களிப்புக்காகவே ரிச்சர்ட் தேலருக்கு 2017-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. விளையாட்டில் தானாகக் கிடைப்பவன் ஆண். பெண் என்பவள் கூடுதல் கட்டணத்துக்குரிய அலங்காரம் என்பதை எட்டு வயதுக் குழந்தை யாரும் சொல்லாமலேயே கற்றுக்கொள்கிறது.

இது நேற்று தொடங்கியதல்ல. 1981-இல் நின்டென்டோ வெளியிட்ட 'டாங்கி காங்' விளையாட்டில், குரங்கு தூக்கிச் சென்ற பெண்ணை நாயகன் மீட்க வேண்டும். காத்திருப்பதைத் தவிர அவளுக்கு வேறு வேலை இல்லை. 1980-இல் வந்த 'பேக்-மேன்', வாய் மட்டுமே உள்ள ஒரு மஞ்சள் வட்டம். அதற்கு 1982-இல் பெண் வடிவம் தந்தபோது, தலையில் ஒரு ரிப்பனும் உதட்டில் சாயமும் சேர்த்தார்கள். எதுவும் சேர்க்காத வட்டம் ஆணாகவே கொள்ளப்பட்டது.

1986-இல் வந்த 'மெட்ராய்டு' சற்று வியப்பளிக்கிறது. கவசம் அணிந்து போரிட்ட வீரர் ஒரு பெண் என்பது இறுதியில்தான் தெரியவரும். ஆனால், எவ்வளவு விரைவாக ஆட்டத்தை முடிக்கிறோமோ அவ்வளவு குறைந்த ஆடையில் அவள் தோன்றுவாள். அதாவது, அவளது வீரத்துக்கான பரிசு விளையாடும் ஆணுக்குச் சென்றது. 1996-இல் 'டூம் ரெய்டர்' மூலம் லாரா கிராஃப்ட் என்ற தொல்லியல் சாகச நாயகி உலகப் புகழ் பெற்றாள். அவளது துணிவைவிட மிகைப்படுத்தப்பட்ட உடலமைப்பே விளம்பரங்களில் விற்கப்பட்டது. 2013-இல் அத்தொடர் புதுப்பிக்கப்பட்டபோதுதான், காயப்பட்டு, அஞ்சி, தேறி எழும் இளம்பெண்ணாக அவள் மாற்றி அமைக்கப்பட்டாள்.

பெண் பாத்திரம் ஏன் இல்லை என்று கேட்டால் நிறுவனங்கள் இரண்டு காரணங்கள் கூறுவதுண்டு. இரண்டுமே பொருளாதாரக் காரணங்கள் என்பதால், அவற்றைச் சோதிப்பது என் கடமை.

முதலாவது, உற்பத்திச் செலவு. 2014-இல் யூபிசாஃப்ட் நிறுவனத்தினர், 'அசாசின்ஸ் கிரீட்' தொடரின் புதிய விளையாட்டில் பல பேர் சேர்ந்து ஆடும் பகுதியில் பெண் பாத்திரம் இல்லாததற்கு, அசைவூட்ட வேலை இரட்டிப்பாகும் என்று விளக்கம் அளித்தனர். அதே தொடரில் முன்பு பணியாற்றிய அசைவூட்டக் கலைஞர் ஒருவர், அது ஓரிரு நாள் வேலை என்று பொதுவெளியில் மறுத்தார். நான்கே ஆண்டுகளில், 2018-இல் அதே தொடரில் கஸாண்ட்ரா என்ற நாயகியாகவே முழுக் கதையையும் ஆட முடிந்தது. குறுக்கே நின்றது செலவு அல்ல, முன்னுரிமை என்பது இதிலிருந்து விளங்கும்.

இரண்டாவது, தேவை. விளையாடுவோர் ஆண்களே என்பது அந்த வாதம். அமெரிக்க விளையாட்டுத் தொழில் சங்கத்தின் ஆண்டறிக்கைகளோ, விளையாடுவோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் பெண்கள் என்று பல ஆண்டுகளாகக் கூறிவருகின்றன. கடையில் இல்லாத பொருளை யாரும் வாங்கவில்லை என்பதைக் காட்டி, அதற்குத் தேவையில்லை என்று முடிவு கட்டுவதைப் பொருளாதாரம் ஏற்காது.

கேள்வி கேட்பவர்கள் கொடுக்கும் விலையும் சிறியதல்ல. காணொலி விளையாட்டுகளில் பெண் சித்திரிப்பை ஆராய்ந்து தொடர் வெளியிட்ட அனிதா சர்க்கீசியன், 2014-இல் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்தவிருந்த உரையைத் துப்பாக்கிச்சூட்டு மிரட்டலால் ரத்து செய்ய நேர்ந்தது. விளையாட்டுகள் உருவாகும் இடங்களிலும் நிலைமை நன்றாக இல்லை. பாலினப் பாகுபாட்டு வழக்கில், பெண் ஊழியர்களுக்கான இழப்பீடு உள்பட 10 கோடி டாலர் அளிக்க ரயட் கேம்ஸ் நிறுவனம் 2021-இல் ஒப்புக்கொண்டது. பணியிடத்தில் பெண்ணுக்கு மரியாதை இல்லாதபோது, அங்கு உருவாகும் திரையில் மட்டும் அது எப்படி வரும்?

பாலின அடையாளமும் பாலியல் நாட்டமும் இன்னும் மெதுவாகவே இடம்பெற்றன. 1988-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு மாரியோ விளையாட்டின் கையேடு, பெர்டோ என்ற பாத்திரத்தைத் தன்னைப் பெண்ணென்று எண்ணிக்கொள்ளும் ஆண் எனக் கேலிப் பொருளாக அறிமுகப்படுத்தியது. 2000-இல் வந்த 'தி சிம்ஸ்' தன்பாலினத்தவரின் காதலையும் மற்றவர் காதலைப் போலவே அனுமதித்தது. விற்பனை அதனால் குன்றவில்லை. அதற்கு மாறாக, தன்பாலின உறவுக்கு இடமளிக்காத 'டோமோடாச்சி லைஃப்' விளையாட்டுக்காக நின்டென்டோ 2014-இல் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. 2020-இல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகத்தின் நாயகி எல்லி, பெண்ணைக் காதலிக்கும் பெண். அதே ஆண்டின் 'டெல் மீ வை'யில் திருநம்பி இளைஞர் ஒருவர் முதன்மைப் பாத்திரமானார்.

நம் நாட்டிலும் நல்ல முயற்சிகள் உண்டு. கொல்கத்தாவில் உருவான 'மிஸ்ஸிங்', கடத்தப்பட்ட சிறுமியின் நிலையில் விளையாடுபவரை நிறுத்தி, பெண் கடத்தலின் கொடுமையை உணரச் செய்கிறது. புணேயைச் சேர்ந்த குழுவினர் 2020-இல் வெளியிட்ட 'ராஜி'யில் தம்பியை மீட்கப் புறப்படுபவள் அக்காள். கனடாவில் குடியேறிய தமிழ்த் தாயொருத்தியை நாயகியாக்கி, நம் சமையலையே ஆட்டமாக்கிய 'வெண்பா' 2023-இல் வெளியாகி, மறு ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதை வென்றது. ஆயுதமோ கவர்ச்சியோ இன்றி, சேலை கட்டிய ஓர் அம்மா உலகச் சந்தையில் வெல்ல முடிந்திருக்கிறது.

வெறும் விளையாட்டுக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று சிலர் கேட்கலாம். என் மகனுக்குக் கிரிக்கெட் மட்டையும் மகளுக்குச் சொப்புச் சாமான்களும் வாங்கித் தந்தவன் நான். அன்று எனக்கும் அது வெறும் விளையாட்டாகவே தோன்றியது. என் மகள் ஒருநாளும் மட்டையைக் கேட்டதில்லை. அதை அவளது விருப்பம் என்றே இத்தனை ஆண்டுகள் எண்ணியிருந்தேன். அவள் கேட்கும்படி நான் வைக்கவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

இதற்குத் தடையோ தணிக்கையோ தீர்வாகாது. ஆண், பெண் இரு பாத்திரங்களும் ஒரே விலையில், தொடக்கத்திலேயே தேர்வுக்கு வைக்கப்பட வேண்டும். விளையாட்டு வடிவமைப்பைக் கற்பிக்கும் கல்லூரிகள், மாணவியரைக் கூடுதலாகச் சேர்ப்பதுடன் சித்திரிப்பு குறித்தும் பாடம் வைக்க வேண்டும். பெற்றோர், பிள்ளைகள் எவ்வளவு நேரம் விளையாடுகிறார்கள் என்று மட்டும் பார்க்காமல், சில நேரம் அருகில் அமர்ந்து என்ன விளையாடுகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

என் பெயர்த்தி அன்று பணம் கட்டவில்லை. பையனாகவே ஓடி முடித்தாள். அடுத்த விடுமுறைக்கு வரும்போது அவள் அந்தக் கேள்வியை மறந்திருக்கக்கூடும். ஆணாக ஓடுவதுதான் இயல்பு என்று அவள் பழகிவிடுவதற்குள், அவளுக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும்.