பொலிஸ் படங்களில் பொருந்தாச் சோடி

எவ்வகையிலும் பொருந்தாத இருவரை ஒன்றாய்ச் சேர்த்துவிட்டு, அவர்கள் படும் பாட்டைக் கண்டு சிரிப்பது மேனாட்டுச் சினிமாவின் பழைய வழக்கம். மெலிந்த லோரலும் பருத்த ஹார்டியும் 1927ஆம் ஆண்டளவில் சோடியாகி உலகையே சிரிக்கவைத்தனர். ஆயினும் அவ்விருவரும் விரும்பினால் பிரிந்து போகலாம். பொலிஸ் சோடிக்கு அந்த வசதி இல்லை. மேலதிகாரி கட்டளையிட்டால், பிடியாதவனோடும் ஒரே வண்டியில் ஏறியே ஆகவேண்டும். இப்படங்களின் கவர்ச்சிக்கு மூலகாரணம் இந்தக் கட்டாயமே என்பது என் கருத்து. சண்டையிடும் மாணவர் இருவரை ஒரே வாங்கில் இருத்திய ஆசிரியர் எவருக்கும் இது விளங்கும். முதல் வாரம் முறைப்பு. மூன்றாம் வாரம் ஒருவனுடைய கணக்கை மற்றவன் பார்த்தெழுதுவான்.

இதன் வித்தைத் தேடிச் செல்வோர் அமெரிக்காவுக்கு முன்னர் யப்பானை அடைவர். அகிரா குரோசாவா 1949இல் எடுத்த 'தெருநாய்' என்னும் படத்தில், கைத்துப்பாக்கியைப் பறிகொடுத்த இளந் துப்பறிவாளன் ஒருவன் கொடுங்கோடையில் தோக்கியோ நகரெங்கும் பதறி அலைகிறான். அவனோடு சேர்க்கப்பட்ட முதியவரோ பதற்றம் அறியாதவர். கைதான பெண்ணுக்கு ஐஸ்பழமும் சிகரெட்டும் கொடுத்தே உண்மையை வரவழைப்பவர். ஆயினும் அது சிரிப்புப் படம் அன்று.

1967இல் வெளியான 'இன் த ஹீட் ஒவ் த நைட்' என்ற அமெரிக்கப் படமும் சிரிப்புக்காக எடுக்கப்பட்டதன்று. மிசிசிப்பி மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், புகையிரதத்துக்குக் காத்திருந்த கறுப்பினத்தவர் ஒருவர் கொலைச் சந்தேகத்தில் பிடிக்கப்படுகிறார். விசாரித்தால், அவர் பிலடெல்பியா நகரத்துத் துப்பறியும் அதிகாரி! அவரை வெறுக்கும் வெள்ளைப் பொலிஸ் தலைவருக்கு அவருடைய அறிவின்றிக் கொலையைத் துலக்க வழியில்லை. கறுப்பு அதிகாரியாக நடித்த சிட்னி பொய்ட்டியர் தென்மாநிலங்களுக்குச் செல்ல இணங்காமையால், படத்தின் பெரும்பகுதி வடக்கே இல்லினோய் மாநிலத்தில் எடுக்கப்பட்டது. கதையிலே கைகுலுக்கிய இரு நிறத்தாரும், கதை நடந்ததாகச் சொல்லப்பட்ட மண்ணிலே அச்சமின்றிக் கூடிநிற்க முடியவில்லை. 1968 ஏப்ரிலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டமையால் ஒஸ்கார் விழா இரண்டு நாள் பிற்போடப்பட்டது. அவ்விழாவிலேயே சிறந்த படத்துக்குரிய பரிசு இதற்குக் கிடைத்தது.

சிரிப்பைத் துணிந்து கலந்தவர் வோல்ட்டர் ஹில். 1982இல் அவர் இயக்கிய '48 ஹவர்ஸ்' படத்தில், வெள்ளைப் பொலிஸ்காரர் ஒருவர் கறுப்பினக் கைதியொருவனை நாற்பத்தெட்டு மணித்தியாலங்களுக்கு வெளியே கொணர்கிறார். நிக் நொல்ட்டியும் எடி மேர்பியும் நடித்தனர். மேர்பிக்கு அதுவே முதற்படம். பொலிஸ்காரர் கைதியை நிறத்தைச் சொல்லி இழிவாக ஏசுகிறார். பின்பு வருந்தி, கடமைக்காகவே அப்படிப் பேசியதாகச் சொல்கிறார். கடமை எல்லாவற்றுக்கும் விளக்கமாகாது என்று கைதி மறுக்கிறான். சிரித்துக்கொண்டிருப்பவர் அவ்விடத்தில் சற்று நிறுத்தவே செய்வர்.

1987இல் வந்த 'லீதல் வெப்பன்' இதனினும் இனிய படம். என் கணிப்பில், இதனினும் எளிய படமுங்கூட. ஐம்பதாம் பிறந்தநாளைக் காணும் குடும்பஸ்தரான கறுப்பு அதிகாரியோடு, மனைவியை இழந்து சாவை நாடும் வெள்ளை அதிகாரி சேர்கிறார். இங்கே நிறம் ஒரு பொருட்டன்று. களமோ லொஸ் ஏஞ்சலிஸ் நகரம்.

அந்நகரிலேதான் 1991 மார்ச்சில் ரொட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைப் பொலிசார் அடித்து நொறுக்கினர். மறு ஆண்டு ஏப்ரில் 29ஆந் திகதி, அவர்களுள் எவரையும் ஜூரிமார் குற்றவாளியாகக் காணவில்லை என்ற செய்தி பரவ, நகரம் பற்றியெரிந்தது. 50இற்கு மேற்பட்டோர் மாண்டனர். மே 15ஆந் திகதி 'லீதல் வெப்பன்' வரிசையின் மூன்றாம் படம் வெளியாயிற்று. எரிந்த கடைகளின் கரி இன்னும் நீங்காதிருக்க, அந்நகரத்துப் பொலிசாராகிய ஒரு வெள்ளையரும் ஒரு கறுப்பரும் ஒரே வண்டியில் சச்சரவிட்டுச் செல்வதைக் காண, அமெரிக்க மக்கள் பணங்கொடுத்துப் படமாளிகைகளுக்குத் திரண்டு சென்றனர்.