பேராதனைத் தோட்டமும் படையினரின் தற்காப்பு வாதமும்

பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்குச் செல்பவர்கள் அரச குடும்பத்தினரும் நாட்டுத் தலைவர்களும் நட்ட மரங்களுக்கருகே நின்று படமெடுத்துக்கொண்டு திரும்புவர். மகாவலி கங்கை வளைத்தோடும் அந்தப் பூங்கா ஒரு காலத்தில் மாபெரும் போரொன்றின் தலைமையகமாக விளங்கியது என்பதை அறிந்தவர் சிலரே. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு, தென்கிழக்காசியக் கூட்டுப்படைத் தலைமையகத்தைத் தில்லியிலிருந்து இங்கு கொண்டுவந்தார். பர்மாவிலும் மலாயாவிலும் ஜப்பானியரை முறியடிக்கும் திட்டங்கள் இந்த மரநிழலில் அமைந்த அலுவலகங்களிற்றான் தீட்டப்பட்டன. 1945 இறுதியில் தலைமையகம் சிங்கப்பூருக்கு மாறியது.

அதே 1944 ஏப்ரலில் பிரித்தானியாவில் வேறொரு மாற்றமும் நிகழ்ந்தது. மேலதிகாரியின் கட்டளைக்குப் பணிந்து போர்க்குற்றம் புரிந்த படையினன் தண்டனைக்குரியவன் அல்லன் என்று அதுவரை கூறிவந்த பிரித்தானிய இராணுவச் சட்டக் கையேடு திருத்தப்பட்டது. கட்டளை இருந்தது என்பதால் மட்டும் குற்றம் குற்றமாகாது போய்விடாது என்பது புதிய விதி. தன் படையினருக்கு அரணாக இருந்த விதியை, எதிரியின் படையினரைத் தண்டிக்கும் காலம் நெருங்கியபோது பிரித்தானியா மாற்றிக்கொண்டது என்று குறைகூறியோர் உண்டு. அக்குறையில் நியாயம் இல்லாமலில்லை. ஆனாலும் நல்ல சட்டம் சில வேளைகளில் தன்னலத்தின் கதவு வழியாகவும் உள்ளே வருவதுண்டு.

இவற்றை இங்கு எழுதக் காரணம் நண்பர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி. "அப்பாவிகளைக் கொன்ற படையினனுக்காக வாதாட ஒரு சட்டத்தரணிக்கு எப்படி மனம் வருகிறது?" என்றார் அவர். பத்திரிகையாளன் என்ற முறையில் நீதிமன்ற வாசல்களில் பல ஆண்டுகள் காத்துக்கிடந்தவன் நான். அன்று அவருக்கு உடனே விடை கூற முடியவில்லை. விடையைத் தேடியபோதுதான் வரலாறு என்னைப் பேராதனைக்கும் சிங்கப்பூருக்கும் இட்டுச்சென்றது.

1946 முதல் 1948 வரை பிரித்தானிய இராணுவ நீதிமன்றங்கள் சிங்கப்பூரில் 131 வழக்குகளை விசாரித்தன. குற்றஞ்சாட்டப்பட்ட ஜப்பானியருக்குச் சட்டத்தரணிகள் வழங்கப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் ஜப்பானியரே. பழக்கமில்லாத ஆங்கிலச் சட்டமுறையில் அவர்களுக்கு உதவப் பிரித்தானிய அதிகாரிகளும் அமர்த்தப்பட்டனர். வென்றவன் தோற்றவனுக்கு வாதாடும் உரிமையை வழங்கியது சிறிய காரியமன்று.

அவ்வழக்குகளுள் பெரிதும் பேசப்பட்டது 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர்ச் சீனர்கள் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்பட்டது பற்றியது. கொல்லப்பட்டோர் 5,000 பேர் என்பது ஜப்பானியத் தரப்புக் கணக்கு. 50,000 வரை என்பது சீனர்களின் கணக்கு. 1947 மார்ச்சில் விக்டோரியா மண்டபத்தில் தொடங்கிய விசாரணையில் எழுவர் கூண்டில் நின்றனர். கட்டளை மேலிருந்து வந்தது என்பதே அவர்களின் முதன்மை வாதம். கட்டளையிட்ட சேனைத் தலைவர் யமஷிடா அதற்கு முன்பே, 1946 பெப்ரவரியில், பிலிப்பைன்ஸின் லொஸ் பானோஸில் தூக்கிலிடப்பட்டிருந்தார். கொலைத் திட்டத்தின் சூத்திரதாரி எனப்பட்ட சுஜி மசனோபு தலைமறைவாகியிருந்தார். பின்னாளில் அவர் ஜப்பானிய நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார்! நீதிமன்றம் கவமுரா, ஓய்ஷி ஆகிய இருவருக்கு மரண தண்டனையும் ஏனைய ஐவருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது. சீனச் சமூகம் கொதித்தெழுந்தது. இத்தனை ஆயிரம் உயிர்களுக்கு இரண்டே தூக்குக் கயிறா என்று கேட்டது.

தமிழராகிய நாம் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்றும் உண்டு. சயாம் மரண இரயில் பாதை 415 கிலோமீற்றர் நீளமானது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர் அதன் ஓரத்தில் பேதியாலும் பசியாலும் மடிந்தனர். ஆயினும் அப்பாதை தொடர்பான வழக்குகளில் பெரும்பாலானவை மேற்குலகப் போர்க்கைதிகளைப் பற்றியவை. கைதிகளிடம் பெயர்ப்பட்டியல் இருந்தது. அவர்களுக்காகக் கேட்க அரசுகள் இருந்தன. தோட்டத் தொழிலாளிக்கு அவை இல்லை. கொலைக்கு விசாரணை நடக்குமா என்பது இறந்தவன் யார் என்பதைப் பொறுத்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1971 ஏப்ரல் கிளர்ச்சியின்போது கதிர்காமத்தில் பிரேமவதி மனம்பேரி என்ற இளம்பெண் படையினரின் பிடியிலிருக்கையில் சுட்டுக் கொல்லப்பட்டார். லெப்டினன்ட் விஜேசூரியவும் சார்ஜன்ட் ரத்நாயக்கவும் தண்டிக்கப்பட்டனர். மேலதிகாரியின் கட்டளை என்ற வாதம் மேன்முறையீட்டிலும் முன்வைக்கப்பட்டது. குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1973இல் அதனை நிராகரித்தது. கலகக் காலமாயினும், பிடிபட்ட நிராயுதபாணியைச் சுடும்படி இடப்படும் கட்டளை சட்டத்தின் பார்வையில் கட்டளையே அன்று.

அடுத்தது மிருசுவில். 2000 டிசம்பரில், தாம் விட்டுச்சென்ற வீடு வளவைப் பார்க்கத் திரும்பிய எட்டுத் தமிழர் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவர் ஐந்து வயதுப் பாலகன். உயிர் தப்பிய ஒருவரின் சாட்சியமே வழக்குக்கு உயிரூட்டியது. ஐந்து படையினர் கூண்டில் நின்றனர். 2015 ஜூனில் கொழும்பு மேல் நீதிமன்றம் சுனில் ரத்நாயக்கவுக்கு மரண தண்டனை விதித்து, ஏனைய நால்வரை விடுவித்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதியரசர்கள் அத்தீர்ப்பை உறுதி செய்தனர். 2020 மார்ச் 26 அன்று, கொரோனா ஊரடங்கின் நடுவே, அப்போதைய ஜனாதிபதி கோத்தாபய ராஜபக்ச அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார்.

என் நண்பருக்கான விடை இங்கேதான் இருக்கிறது. அந்தப் படையினனுக்காகச் சட்டத்தரணிகள் வாதாடினார்கள். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தார்கள். மேன்முறையீடு செய்தார்கள். அத்தனையையும் தாங்கி நின்றதால்தான் அத்தீர்ப்பு அசைக்க முடியாததாயிற்று. எதிர்வாதம் இல்லாமல் வழங்கப்பட்டிருந்தால் அதனைப் பழிவாங்கல் என்று எளிதில் ஒதுக்கித் தள்ளியிருப்பார்கள். சட்டத்தரணியின் வாதம் இறந்தவர்களுக்குத் துரோகம் செய்யவில்லை. பதின்மூன்று ஆண்டுகள் நடந்த விசாரணையை ஒரு கையெழுத்தால் வெறுமையாக்கியதே துரோகம்.

பூங்காவிலிருந்து சிறிது தூரத்தில் பேராதனைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1989 ஒக்டோபரில் ஒரு காலை, அவ்வளாகத்திலுள்ள குளத்தைச் சுற்றி வெட்டப்பட்ட மனிதத் தலைகள் வைக்கப்பட்டிருந்தன. தென்னிலங்கையின் இரண்டாவது கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட காலம் அது. சிங்கப்பூரில் ஜப்பானியப் படையினனுக்குக் கிடைத்த கூண்டும் சட்டத்தரணியும் எதிர்வாதமும் அந்தத் தலைகளுக்குரியவர்களுக்கு மறுக்கப்பட்டன.

கொலையாளிக்குச் சட்டத்தரணி கிடைப்பதைக் கண்டு நாம் அஞ்ச வேண்டியதில்லை. அவருக்குச் சட்டத்தரணியே தேவைப்படாத நாட்டைக் கண்டுதான் அஞ்ச வேண்டும்.