உணவுக் கொள்கை மன்றம்: திருச்சியிலும் திருவரங்கத்திலும் அமைப்பது எப்படி, அமர்வது யார்?

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அரசின் சத்துணவுத் திட்டம் திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் தொடங்கிவைக்கப்பட்டது. முப்பது ஆண்டுகள் கழித்து, 2012இல், திருவரங்கம் அரங்கநாதசுவாமி கோயிலில் நாள் முழுவதும் அன்னதானம் வழங்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில், அதே திருவரங்கத்தில், ஓர் உணவகத்தின் பெயர்ப்பலகையில் 'பிராமணாள்' என்ற சொல் இடம்பெற்று, திராவிடர் கழகத்தின் எதிர்ப்புக்கு உள்ளானது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவிலும் அதைச் சுற்றியுள்ள நகரிலும் சோற்றுக்குப் பஞ்சமில்லை என்று சொல்லப்படுவதுண்டு. அந்தச் சோறு யாருடைய உரிமை, யாருடைய கொடை, யார் கையால் சமைக்கப்படலாம், யார் பக்கத்தில் அமர்ந்து உண்ணலாம் என்ற கேள்விகள் மட்டும் தீர்ந்தபாடில்லை.

உள்ளூர் அளவில் உணவுக் கொள்கை மன்றம் ஒன்றை அமைக்க வேண்டும் என்ற கருத்தை இந்தக் கேள்விகளோடு சேர்த்தே அணுக வேண்டும் என்று கருதுகிறோம். அப்படி ஒரு மன்றத்துக்கான சட்ட அடிப்படை ஏற்கெனவே இருக்கிறது. அதில் பட்டியல் சாதியினருக்கான இருக்கையும் சட்டத்தால் உறுதிசெய்யப்பட்டுள்ளது. அந்த இருக்கையை எப்படிக் கோருவது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மன்றம் என்பது என்ன?

உணவை விளைவிப்போர், விற்போர், சமைப்போர், உண்போர், அரசு அலுவலர் ஆகியோர் ஒரே அவையில் கூடி, ஒரு நகரின் உணவு நிலையை ஆராய்ந்து, அரசுக்குப் பரிந்துரை செய்து, அதன் செயலாக்கத்தைக் கண்காணிக்கும் அமைப்பே உணவுக் கொள்கை மன்றம். இவ்வகையில் முதலாவதாகக் கருதப்படுவது 1982இல் அமெரிக்காவின் நாக்ஸ்வில் நகரில் தோன்றியது. கனடாவின் டொரண்டோ நகரம் 1991இல் தன் மன்றத்தை நிறுவியது. பிரேசிலின் பெலோ ஒரிசாந்தே நகரம் 1993இல் உணவுக்கென்றே தனித் துறை ஒன்றை உருவாக்கியது.

நமக்குப் பாடமாக அமைவது பிரேசிலின் தேசிய உணவுப் பாதுகாப்பு மன்றம். அதன் உறுப்பினரில் மூன்றில் இரு பங்கினர் குடிமைச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். அப்படிப்பட்ட மன்றத்தையே 2019 ஜனவரி 1 அன்று, பதவியேற்ற முதல் நாளிலேயே, புதிய ஆட்சி ஒரே உத்தரவில் செயலிழக்கச் செய்தது. 2023இல் ஆட்சி மாறிய பின்னரே அது மீண்டது. ஆட்சியாளரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி நிற்கும் மன்றம், அந்த நல்லெண்ணம் விலகும் நாளில் விழுந்துவிடும். திருச்சியில் ஒரு மாவட்ட ஆட்சியரின் ஆர்வத்தால் தோன்றும் குழு, அவருடைய பணியிட மாறுதலோடு முடிந்துபோகலாம். ஆகவே மன்றத்தின் வேர் சட்டத்தில் இருக்க வேண்டும்.

திருச்சிக்கு ஏன் தேவை?

1994இல் திருவரங்கம், பொன்மலை நகராட்சிகளை இணைத்துத் திருச்சிராப்பள்ளி மாநகராட்சி உருவானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநகரின் மக்கள்தொகை 8,47,387. அவர்களில் பட்டியல் சாதியினர் 10 சதவீதத்துக்குச் சற்று மேல்.

இந்த நகரில் ஓர் ஏழைக் குடும்பத்தின் உணவு எத்தனை அலுவலகங்களின் வழியே வருகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். நியாயவிலைக் கடையைப் பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கம் நடத்துகிறது. குடும்ப அட்டைக்கு வட்ட வழங்கல் அலுவலரை நாட வேண்டும். அங்கன்வாடியும் சத்துணவும் சமூக நலத் துறையைச் சார்ந்தவை. அம்மா உணவகம் மாநகராட்சியின் பொறுப்பு. கோயில் அன்னதானம் இந்து சமய அறநிலையத் துறையிடமும், தென்னூர் உழவர் சந்தை வேளாண் விற்பனைத் துறையிடமும், மாணவர் விடுதி உணவு ஆதிதிராவிடர் நலத் துறையிடமும் உள்ளன. மாநகராட்சியின் எல்லை ஒன்று, வருவாய் வட்டங்களின் எல்லை வேறு. காந்தி மார்க்கெட்டில் மூட்டை சுமக்கும் தொழிலாளியின் குழந்தைக்கு அங்கன்வாடியில் முட்டை கிடைக்கவில்லை, தாய்க்குக் கடையில் அரிசி கிடைக்கவில்லை, மூத்த மகளுக்கு விடுதியில் உண்ணத்தக்க சோறு இல்லை என்றால், ஒரே வீட்டின் பசிக்கு மூன்று அலுவலகங்களில் மூன்று மனுக்கள் எழுத வேண்டியிருக்கிறது. இவை அனைத்தையும் சேர்த்துக் கேட்கும் அவை ஒன்றுகூட இல்லை. மன்றம் நிரப்ப வேண்டிய இடைவெளி இதுவே.

சட்டம் ஏற்கெனவே தந்திருப்பவை

மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2001இல் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு நவம்பர் 28 அன்று பிறப்பித்த இடைக்கால உத்தரவு, உணவுத் திட்டங்களைச் சலுகை என்ற நிலையிலிருந்து சட்ட உரிமை என்ற நிலைக்கு உயர்த்தியது. அதன் தொடர்ச்சியாக வந்ததே தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013. தமிழ்நாட்டில் அது 2016 நவம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. மன்றத்துக்குப் பயன்படும் அதன் பிரிவுகள் இவை:

பிரிவு 27: பொது விநியோகத் திட்டம் தொடர்பான ஆவணங்கள் அனைத்தும் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்க வேண்டும்.

பிரிவு 28: உள்ளாட்சி அமைப்போ, மாநில அரசு அதிகாரமளிக்கும் வேறு அமைப்போ, நியாயவிலைக் கடைகளையும் உணவு சார்ந்த நலத்திட்டங்களையும் குறிப்பிட்ட கால இடைவெளியில் சமூகத் தணிக்கை செய்து, முடிவுகளை வெளியிட வேண்டும். இச்சட்டத்தின் விளக்கப்படி உள்ளாட்சி அமைப்பு என்பதில் மாநகராட்சியும் அடங்கும்.

பிரிவு 29: மாநிலம், மாவட்டம், வட்டாரம், நியாயவிலைக் கடை என நான்கு நிலைகளிலும் கண்காணிப்புக் குழுக்கள் அமைக்கப்பட வேண்டும். உள்ளாட்சி அமைப்புகள், பட்டியல் சாதியினர், பட்டியல் பழங்குடியினர், பெண்கள், ஆதரவற்றோர் அல்லது மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு அவற்றில் உரிய பிரதிநிதித்துவம் தரப்பட வேண்டும். விதிமீறலையும் முறைகேட்டையும் மாவட்டக் குறைதீர் அலுவலருக்கு எழுத்துமூலம் தெரிவிப்பது இக்குழுக்களின் கடமை.

பிரிவுகள் 15, 16: குறைதீர் அலுவலரின் முடிவில் நிறைவடையாதவர் மாநில உணவு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். ஆணையத்திலும் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர், பட்டியல் பழங்குடியைச் சேர்ந்த ஒருவர், குறைந்தது இரு பெண்கள் இடம்பெற்றாக வேண்டும்.

பிரிவு 33: குறைதீர் அலுவலர் பரிந்துரைத்த தீர்வைத் தக்க காரணமின்றி வழங்காத அரசு ஊழியருக்கு ஆணையம் 5,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம்.

சட்ட விழிப்புணர்வுக் கூட்டங்களில் நாம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "உங்கள் ரேஷன் கடையின் கண்காணிப்புக் குழுவில் இருப்பவர் யார்?" பெரும்பாலும் பதில் வருவதில்லை. இப்படி ஒரு குழு உண்டா என்ற எதிர்க்கேள்விதான் வருகிறது. தாளில் பெயர்கள் இருக்கலாம். அந்தப் பெயர்களைச் சேரியில் எவரும் அறியாதபோது அது பிரதிநிதித்துவம் ஆகாது.

சாதி நுழையும் இடங்கள்

உணவுப் பாதுகாப்பைப் பற்றிய பொதுப் பேச்சு கிலோவிலும் கலோரியிலும் நின்றுவிடுகிறது. நாம் மூன்று இடங்களைச் சுட்ட வேண்டியிருக்கிறது.

முதலாவது, சமையற்கூடம். சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரல் 20 அன்று உத்தரவிட்டது. ஆயினும் 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசியை அடுத்த திருமலைக்கவுண்டன்பாளையத்தில், தலித் பெண் ஒருவர் பள்ளியில் சத்துணவு சமைக்கக் கூடாது எனச் சாதி இந்துக்கள் எதிர்த்தனர். நிர்வாகம் முதலில் செய்தது அந்தப் பெண்ணை இடமாற்றியதுதான். கடும் கண்டனத்துக்குப் பின் அது ரத்தானது, வன்கொடுமை வழக்கும் பதிவானது. 2023இல், திருச்சியின் அண்டை மாவட்டமான கரூரின் வேலன்செட்டியூரில், தலித் பெண் சமைத்த காலை உணவைத் தம் பிள்ளைகள் உண்ணப் பெற்றோர் சிலர் மறுத்தனர். மாவட்ட ஆட்சியரே பள்ளிக்குச் சென்று அவ்வுணவை உண்டு, சட்ட நடவடிக்கை பாயும் என்று எச்சரிக்க நேர்ந்தது.

இரண்டாவது, கடை. 2022இல் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில், ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லி, தின்பண்டம் வாங்க வந்த தலித் சிறுவர்களைக் கடைக்காரர் திருப்பி அனுப்பினார். அரசமைப்பின் 15(2) உறுப்பு கடைகளிலும் பொது உணவகங்களிலும் சாதியின் பெயரால் தடை விதிப்பதை விலக்குகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவில் 2015 திருத்தம் சேர்த்த உட்பிரிவுகள், கடையில் நுழைவதைத் தடுப்பதையும் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றமாக்குகின்றன.

மூன்றாவது, தொலைவு. கடையும் அங்கன்வாடியும் ஊருக்குள் இருக்க, சேரிக் குழந்தை அங்கே நடந்து செல்ல வேண்டிய நிலை. பட்டியல் சாதியினரின் குடியிருப்புகள் அனைத்திலும் அங்கன்வாடி அமைய வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2004 அக்டோபர் உத்தரவு. ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் உள்ள குடியிருப்பு, குடிசைப் பகுதியாயினும், கோரிக்கை விடுத்த மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடி பெற உரிமையுடையது என்பது 2006 டிசம்பர் 13 உத்தரவு.

இந்த மூன்றும் எடைத் தராசில் தெரிவதில்லை. இவற்றைப் பட்டவர்கள் அவையில் அமர்ந்தால்தான் நிகழ்ச்சி நிரலில் இடம்பெறும்.

அமைக்கும் வழி

1. ஆவணம் கோருதல். ஒவ்வொரு வார்டிலும் உள்ள கடைகளின் கண்காணிப்புக் குழு உறுப்பினர் பட்டியல், கூட்டக் குறிப்பு, கடைசிச் சமூகத் தணிக்கை அறிக்கை ஆகியவற்றைப் பிரிவு 27ஐச் சுட்டியும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழும் கோர வேண்டும். "குழு இல்லை" என்ற பதிலும் ஒரு சான்றே. குறைதீர் அலுவலரிடம் அளிக்கும் முதல் மனுவுக்கு அதை இணைப்பாக்கலாம்.

2. பகுதி சபைத் தீர்மானம். மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழுக்கள் அமைய வேண்டும் என்கிறது அரசமைப்பின் 243எஸ் உறுப்பு. தமிழ்நாட்டு நகரங்களில் 2022 முதல் பகுதி சபைகளும் கூட்டப்படுகின்றன. தங்கள் கடைக் குழுவுக்கான பட்டியல் சாதிப் பிரதிநிதியை முன்மொழிந்து அங்கே தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அவர் கட்சியோ சங்கமோ தரும் பெயராக இல்லாமல், அந்தக் கடையில் வரிசையில் நிற்கும் ஒருவராக, இயன்றவரை பெண்ணாக இருக்கட்டும்.

3. மாமன்றத் தீர்மானம். வார்டு அளவில் செயல்படும் குழுக்களின் பிரதிநிதிகளைக் கொண்டு மாநகர உணவுக் கொள்கை மன்றம் அமைக்கவும், பிரிவு 28இன்படியான சமூகத் தணிக்கையை அதன் வழியே நடத்தவும் மாமன்றம் தீர்மானிக்க வேண்டும். தூய்மைப் பணியாளர், சுமைப்பணித் தொழிலாளர், சத்துணவுச் சமையலர், தெருவோர வியாபாரிகள், நிலமற்ற உழவுத் தொழிலாளர், விடுதி மாணவர் ஆகியோர் உறுப்பினரில் பெரும்பான்மையாக இருத்தல் வேண்டும். அலுவலர்கள் பதில் சொல்ல வர வேண்டும், வாக்களிக்க அல்ல.

4. பொது விசாரணை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு முறை திருவரங்கத்திலும் மறுமுறை நகரின் வேறு பகுதியிலும் நடத்தலாம். கைரேகை பதியாததால் பொருள் மறுக்கப்பட்டது முதல் விடுதி உணவு வரை அனைத்தும் அங்கே பதிவாக வேண்டும். 1967 என்ற உதவி எண்ணில் சொல்லப்படும் புகார் அழைப்போடு மறைந்துவிடலாம். எழுத்தில் பெறப்பட்டு ஒப்புகை தரப்படும் புகார் வழக்காக வளர முடியும்.

5. மேல்முறையீடு. குறைதீர் அலுவலரிடம் தீர்வு கிட்டாவிடில் மாநில உணவு ஆணையத்துக்குச் செல்ல வேண்டும். உரிய பொருள் வழங்கப்படாதபோது பிரிவு 8இன்படி உணவுப் பாதுகாப்புப் படி கோரலாம். சாதிப் பாகுபாடு வெளிப்படும் இடத்தில் இந்த வரிசைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நேரடியாகக் காவல் நிலையத்தில் புகார் அளிக்கலாம்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

மன்றம் கூடும் இடம் சாதிச் சங்க மண்டபமாகவோ, தலித் மக்கள் நுழையத் தயங்கும் இடமாகவோ இருக்கலாகாது. கூட்ட நாளில் கூலியை இழந்து வருவோருக்கு ஈட்டுத்தொகை தரப்பட வேண்டும். இல்லையேல் ஓய்வூதியரும் வணிகரும் மட்டுமே மிஞ்சுவர். கூட்டத்தில் உணவு பரிமாறப்பட்டால், சமைப்பவர் யார் என்பதை மறைக்காமல் எல்லோரும் ஒரே பந்தியில் உண்ண வேண்டும்.

அன்னதானத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. பசித்தவருக்கு அது சோறிடுகிறது. ஆனால் தானம் பெறுபவர் அளவு குறைந்ததென்று கேட்க முடியாது, தரம் கெட்டதென்று மேல்முறையீடு செய்ய முடியாது. உரிமையுடையவர் இரண்டையும் செய்யலாம். கடைதோறும் குழு, குழுதோறும் தலித் உறுப்பினர் என்று சட்டம் சொல்லிப் பத்தாண்டுகளுக்கு மேலாகிறது. அடுத்த முறை அரிசி வாங்கச் செல்லும்போது, கடையின் கண்காணிப்புக் குழுப் பட்டியலை எழுத்தில் கேட்டு, மனுவுக்கு ஒப்புகை பெற்று வருவோம். திருச்சியின் உணவுக் கொள்கை மன்றத்துக்கான முதல் ஆவணம் அதுவாக இருக்கும்.