பண்ணையாள் சட்டமும் தினக்கூலியும்

கூலியைச் சட்டம் போட்டு உயர்த்தினால் என்ன ஆகும் என்று பேச்சு வரும்போதெல்லாம் நான் 1952-ஐச் சொல்வேன். நம்ம விக்கிரமங்கலம் அப்போது திருச்சி மாவட்டம். தெற்கே கொள்ளிடம் தாண்டினால் தஞ்சை. ராஜாஜி அரசின் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் தஞ்சைக்கு மட்டும்தான். ஆற்றுக்கு இந்தப் பக்கம் கிடையாது.

ஒரு வேலிக்கு மேல் நிலமுள்ள மிராசுதார், பண்ணையாளுக்குச் சட்டம் சொன்ன நெல்கூலியைத் தரவேண்டும். நினைத்தபடி நீக்கவும் முடியாது. பலர் பண்ணையாள் வைப்பதையே விட்டு, தினக்கூலிக்கு ஆள் பிடித்தார்கள். அவர்களுக்குச் சட்டம் பொருந்தாது. பண்ணையடிமைத்தனம் ஒழிந்தது, நிரந்தர வேலையும் போயிற்று.

கூடுதல் நெல்கூலி கேட்ட தகராறு முற்றி, 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அதன் பிறகே, 1969-இல், கீழத்தஞ்சைக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. தினக்கூலிக்காரரும் அதில் சேர்ந்தார்கள்.

கூலியை உயர்த்தியது தப்பில்லை. தினக்கூலிக்காரரை வெளியே விட்டதுதான் தப்பு.