நாட்களை எண்ணிய மணிமாலை

டில்லியில் வாழும் தமிழர்களுக்கு லோதி காலனி புதிய பெயரன்று. வெள்ளையர் ஆட்சி முடிவதற்குச் சற்று முன்னர், 1940களில், சர்க்கார் ஊழியர்களுக்கென எழுப்பப்பட்ட குடியிருப்பு அது. சுதந்திர பாரதத்தின் குடும்பக் கட்டுப்பாட்டு வரலாற்றில் முதல் ஏடுகளுள் ஒன்று அங்கேதான் எழுதப்பட்டது என்பதை அறிந்தோர் சிலரே. அந்த ஏட்டின் நாயகம் ஒரு மணிமாலை.

1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் ஜனத்தொகை ஏறத்தாழ 36 கோடி. முதலாவது ஐந்தாண்டுத் திட்டம் குடும்பக் கட்டுப்பாட்டுக்கென 65 லட்சம் ரூபாய் ஒதுக்கியது. அரசாங்கமே இப்பணியை மேற்கொண்டது உலகுக்குப் புதுமை. ஆயினும் எந்த முறையைக் கைக்கொள்வது? அந்நாளில் சுகாதார மந்திரியாக விளங்கிய ராஜகுமாரி அம்ரித் கௌர், காந்தியடிகளின் காரியதரிசியாகப் பல்லாண்டு பணிபுரிந்தவர். 1935 டிசம்பரில் வார்தாவுக்கு வந்து வாதாடிய மார்கரெட் சாங்கர் அம்மையாரிடம், செயற்கைச் சாதனங்களை ஏற்க அடிகள் மறுத்துவிட்டார். எனினும் கருத்தரிக்காத நாட்களை அறிந்து ஒழுகும் முறையில் ஓரளவு புலனடக்கம் இருப்பதால், அது தமக்கு ஏனையவற்றைப் போல வெறுப்பளிக்கவில்லை என்றார். அமைச்சரும் அவ்வழியையே நாடினார்.

இம்முறையின் அடிப்படை நெடுங்காலம் மயக்கத்தில் கிடந்தது. நம் பண்டைய சாத்திரங்கள் பூப்பு நிகழ்ந்த நாள் முதலாகப் பதினாறு இரவுகளை ருதுகாலம் எனக் கொண்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய மருத்துவர் பலரோ, மாதவிடாயை ஒட்டிய நாட்களே கருத்தரிக்கும் நாட்கள் என்றும், இடைப்பட்ட நாட்கள் அச்சமற்றவை என்றும் போதித்தனர். உண்மை இதற்கு நேர்மாறானது. ஜப்பானில் ஓகினோ 1924இலும், ஆஸ்திரியாவில் கினாஸ் 1928இலும் தம் ஆய்வுகளால் இதனைத் தெளிவுபடுத்தினர். அடுத்த மாதவிடாய்க்கு ஏறக்குறைய இரு வாரங்களுக்கு முன் கருமுட்டை வெளிப்படுகிறது. அதன் ஆயுள் ஒரு நாளே. ஆணின் விந்தணுவோ ஐந்து நாள் வரை உயிருடன் இருக்கக்கூடும். ஆகவே மாதத்தில் ஆறு நாட்கள் அளவில்தான் கரு உண்டாதல் இயலும். ஓகினோ தம் கணக்கை முதன்மையாக மகப்பேறு வேண்டுவோருக்கென்றே வகுத்தார் என்பதும் நினைவுகூரத்தக்கது.

இந்திய அரசாங்கத்தின் வேண்டுகோளின்பேரில், உலக சுகாதார ஸ்தாபனம் 1951ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஆபிரகாம் ஸ்டோன் என்னும் அமெரிக்க மருத்துவரை அனுப்பிவைத்தது. அவர் ஆலோசனைப்படி லோதி காலனியிலும், மைசூர் ராஜ்யத்தில் பட்டுக்குப் பெயர்பெற்ற ராமநகரத்திலும் 1952இல் சோதனைகள் தொடங்கின. கணக்கை எளிதாக்க அவர் வகுத்த கருவியே மணிமாலை. தீங்கற்ற நாளுக்குப் பச்சை மணி, விலகியிருக்க வேண்டிய நாளுக்குச் சிவப்பு மணி. நாளுக்கு ஒன்றாக நகர்த்தினால் போதும்.

மாலை எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. மணியை நகர்த்த மறந்தவர்கள், குழந்தைகள் விளையாட்டாக நகர்த்தியதை அறியாதவர்கள், இருளில் நிறம் காணாதவர்கள், மாலை கழுத்தில் கிடந்தாலே காப்பு என நம்பியவர்கள் என்று பலவிதக் கதைகள் பின்னாளில் உலவின. கற்றோர் அவையில் அவை நகைப்புக்கு இடமாயின.

நகைப்பதற்கு முன் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஏகாதசியையும் கிருத்திகையையும் பிசகாமல் நோற்று, பால்காரன் கணக்கைச் சுவரில் கோடிட்டுத் தீர்ப்பவள் நம் இல்லத்தரசி. அவளுக்கு எண்ணத் தெரியாது என்பது பொருந்துமா? குறை வேறிடத்தில் இருந்தது. பாலூட்டும் தாய்க்கும், மாதந்தோறும் நாள் மாறுபடுவோர்க்கும் ஒரே கணக்கு ஒத்துவராது. அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. சிவப்பு மணி வந்த இரவில் 'இன்று வேண்டாம்' என்று சொல்லும் உரிமையை மாலையுடன் சேர்த்து எவரும் அவளுக்கு வழங்கவில்லை. எண்ணும் பொறுப்பு மனைவியுடையது; முடிவு செய்யும் அதிகாரமோ கணவனுடையது. இந்நிலையில் எந்த மாலைதான் காக்க முடியும்?

பின்னர் நாட்டின் கவனம் வேறு முறைகளின்பால் திரும்பியது. 1965இல் கருப்பையில் பொருத்தும் வளையம் வந்தது. 1976இல் கட்டாய அறுவைச் சிகிச்சைகள் நாட்டையே கலங்கவைத்தன. நாள் அறியும் கல்வி ஒதுங்கி நின்றது. ஆயினும் மாலை முற்றிலும் மறையவில்லை. அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தார் 32 மணிகள் கொண்ட புதிய மாலையொன்றை அமைத்தனர். அதன் வெண்மணிகள் இருளிலும் ஒளிர்வன! 26 முதல் 32 நாள் வரை சுழற்சியுடைய பெண்டிர், 8ஆம் நாள் முதல் 19ஆம் நாள் வரை விலகியிருத்தல் வேண்டும் என்பது விதி. 2002இல் வெளிவந்த ஆய்வின்படி, பிசகாமல் கடைப்பிடித்தோரில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஐவர் அளவிலும், பிசகியோரையும் சேர்த்துக் கணக்கிட்டால் பன்னிருவர் அளவிலும் கருத்தரித்தனர். வளையம், அறுவை ஆகியவற்றின் உறுதி இதற்கில்லை.

இது பழங்கதை என்று எண்ணிவிடலாகாது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வில், மணமான பெண்டிருள் நூற்றுக்குப் பதின்மர் நாள் பார்த்தல் முதலிய மரபு முறைகளையே நம்பியிருந்தனர். இவருள் எத்துணைப் பேர் சரியான நாட்களை எண்ணுகின்றனர்?

பிறந்த ஊரைவிட்டு வந்து, தாயும் தமக்கையும் அருகிலில்லாத நகரில், ஓர் அறை வீட்டில் குடித்தனம் தொடங்கும் இளந்தம்பதியர் நம்மிடையே பலர். நாள் எண்ணும் முறையை அவர்கள் விரும்பினால், அதனை ஒரு மருத்துவரிடம் இருவரும் சேர்ந்து சென்று கேட்டறிதல் நலம். லோதி காலனியில் மாலை மனைவியின் கைக்கு மட்டுமே எட்டியது; இனி அக்கணக்கு கணவனுக்கும் தெரிந்திருக்கட்டும்.